ஒரு துண்டு நுரையீரல்

கும்பகோணத்தில் என் அத்தை ஒருத்தி இருக்கிறாள். எழுபதை நெருங்குகிற வயது. மாமா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே பிள்ளை வெளிதேசத்தில். பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று தனியாக இருந்துகொண்டு, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்து, உறவுக்கெல்லாம் டப்பா டப்பாவாக அனுப்பிக்கொண்டிருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வடாம் வரவில்லை. டெலிபோனில் கேட்டேன்.

"மாடி ஏற முடியலைடா. நாலாம் படியிலே உட்கார்ந்துட்டு அப்புறம் ஏற வேண்டியிருக்கு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சளியில்லாத வறட்டு இருமல்.

முதலில் பார்த்த வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, க்ஷயமாக இருக்கலாம் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சளியில் கிருமி அகப்படவில்லை. அகப்படுவதற்குச் சளியே இல்லை. ஆறு மாதத்தில் மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. நாலாம் படி மூன்றாம் படியாயிற்று. அதற்குப் பிறகுதான் நான் போய்ப் பிடிவாதமாக அவளைச் சென்னைக்கு அழைத்து வந்தேன்.

இங்கே பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். அத்தையின் முதுகில் கீழ்ப்பக்கமாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, குழாயைக் கழற்றி என் காதில் மாட்டி, "நீங்களும் கேளுங்க சார்" என்றாள். அத்தை மூச்சை இழுத்தாள். இழுத்து முடிகிற தறுவாயில் சடசடவென்று மெல்லிய சத்தம். குழந்தைகளின் செருப்பில் ஒட்டுப் பட்டை இருக்கிறதே, அதைப் பிரித்தால் வருமே, அந்தச் சத்தம்.

"அம்மாவுக்கு மூச்சுக் குழாயிலே வியாதி இல்லே. கட்டியும் இல்லே. சுவர்லே வியாதி" என்றாள் டாக்டர். இன்னும் சில பரிசோதனைகள் செய்ய வேண்டும் என்றும், தேவைப்பட்டால் நுரையீரலிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, சம்மதப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "அவசரமில்லே. படிச்சுப் பாருங்க. பத்துப் பன்னிரண்டு நாள்லே முடிவு பண்ணலாம்."

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள்: "என்னத்தை எடுக்கணுமாம்?"

"நுரையீரல்லேர்ந்து ஒரு துண்டு."

"ஜவுளிக் கடையிலே மாதிரிக்கு வெட்டித் தர்ற மாதிரியா?"

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு சரி. அதிலும் விஞ்ஞானத்தில் தேறியது என் சாமர்த்தியத்தால் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் எந்தக் காகிதத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. இது பதிப்பாளர்கள் கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நுரையீரலையே படித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டு சதையை எடுத்துப் பார்ப்பதற்கு மனிதர்கள் பட்ட பாடு, எந்த நாவலுக்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சுவர் என்று டாக்டர் சொன்னாளே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் இழுக்கிற காற்று குழாய் குழாயாகக் கிளை பிரிந்து போய், கடைசியில் நுண்ணிய குமிழிகளில் சென்று நிற்கிறது. மனித உடம்பில் முப்பது கோடியிலிருந்து ஐம்பது கோடி வரை இந்தக் குமிழிகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குமிழிக்குள் காற்று, அதன் சுவருக்குள்ளே ஓடுவது இரத்தம். நடுவே இருக்கிற தடுப்பு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத இடங்கள் உண்டு. அந்தத் தடுப்பைத் தாண்டித்தான் பிராணவாயு இரத்தத்தில் சேர வேண்டும். இந்தச் சுவர் வீங்கினாலும், தழும்பு விழுந்து தடித்துப் போனாலும், காற்று தாராளமாக வந்தும் உடம்புக்குள் சேராது. வாசலில் பால்காரன் நிற்கிறான், கதவு திறக்கவில்லை என்கிற கதை.

இப்படிச் சுவரைப் பாதிக்கிற வியாதிகள் இருநூறு வகைக்கு மேல் எண்ணுகிறார்கள். கல் உடைக்கிறவனுக்குத் தூசியால் வருவது ஒன்று. கல்நாரால் வருவது ஒன்று. மூட்டு வாதத்தோடு கூடப் பிறந்தது ஒன்று. பறவை இறகாலும் எச்சத்தாலும் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் வருவது ஒன்று, அதுதான் பொல்லாதது. வெளிக்கு எல்லாம் ஒரே இருமல், ஒரே இளைப்பு. ஒன்றுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சஞ்சீவி. இன்னொன்றுக்கு அதுவே கெடுதல். ஆகையால் சுவரில் என்ன நடக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். எப்படிப் பார்ப்பது?

காதால் கேட்பதுதான் முதல் வழி. பாரிஸில் லாயென்னெக் என்ற வைத்தியர் 1816ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, பிறகு மரத்தால் குழாய் செய்து, 1819ல் அதைப் பற்றிப் பெரிய புஸ்தகம் எழுதினார். நுரையீரலில் கேட்கும் ஒரு வகைச் சடசடப்பை, உப்பைச் சட்டியில் இட்டுச் சூடு செய்தால் வெடிக்கும் ஒலிக்கு ஒப்பிட்டார். எனக்குச் செருப்புப் பட்டை, அவருக்கு உப்பு. அவருடைய உவமைதான் நல்ல உவமை. ஆனால் கேட்டதற்கு மேல் தெரிய வேண்டுமானால் நோயாளி இறக்கும் வரை காத்திருந்து மார்பைத் திறந்து பார்ப்பார்கள். லாயென்னெக்கின் காலம் முழுவதும் அதுதான் வழக்கம். அவரே 1826ல் க்ஷயத்தில் இறந்தார்.

இந்த வியாதியின் சரித்திரம் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பிணவறையிலேயே இருந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் லூயி ஹாமன் என்ற வைத்தியரும் ஆர்னால்டு ரிச் என்ற நோய்க்குறியியல் நிபுணரும் 1935ல் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். 1944ல் அதையே விரிவாக எழுதினார்கள். நாலு நோயாளிகள். மூச்சுத் திணறி வந்து, என்ன வியாதி என்று தெரியாமலே சில மாதங்களுக்குள் நாலு பேரும் போய்விட்டார்கள். மார்பைத் திறந்து பார்த்தால் குமிழிச் சுவரெல்லாம் நார் நாராகத் தடித்திருந்தது. ஹாமன்–ரிச் வியாதி என்று அதற்குப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷ காலம், நுரையீரல் சுவரில் வரும் எதையுமே அந்தப் பெயரால் அழைத்து, "ஆறு மாதம்தான்" என்று சொல்லிவிடுகிற வழக்கம் இருந்தது. இறந்தவர்களை மட்டும் பார்த்து ஒரு வியாதிக்கு ஜாதகம் கணித்தால் இப்படித்தான் ஆகும். பிழைத்தவனின் நுரையீரல் மேஜைக்கு வரவே வராதே!

உயிரோடு இருக்கிறவனிடமிருந்து சதையை எடுத்துப் பார்க்கும் யோசனை புதிதல்ல. பயாப்ஸி என்ற வார்த்தையை எர்னஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சுத் தோல் வைத்தியர் 1879லேயே உண்டாக்கிவிட்டார். தோலில் எடுப்பது சுலபம். நுரையீரல் அப்படியல்ல, அது காற்றடைத்த பை. மார்புக் கூட்டுக்கும் அதற்கும் நடுவே இழுவிசை இருப்பதால்தான் விரிந்து நிற்கிறது. மார்பில் துவாரம் விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து பை சுருங்கிவிடும். அந்தக் காலத்தில் மார்பைத் திறப்பது என்றால் ஆளை முடிப்பது என்று அர்த்தம்.

இதற்கு வழி கண்டவர்களில் ஃபெர்டினாண்ட் சாவர்புருக் ஒருவர். ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரத்தில் 1904ல் அவர் ஒரு பெட்டி செய்தார். நோயாளியின் உடம்பும் வைத்தியர்களும் பெட்டிக்குள்ளே, நோயாளியின் தலை மட்டும் கழுத்தோடு வெளியே. பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் மார்பைத் திறந்தாலும் பை சுருங்காது. தம் ஆசிரியருக்கு முன் நாயை வைத்துக் காட்டியபோது பெட்டியில் காற்றுக் கசிந்து நாய் செத்துப் போயிற்று என்று அவருடைய சுயசரிதை சொல்கிறது. பிறகு பெட்டி சரியாக வேலை செய்தது. ஆனாலும் ஓர் அறையையே பெட்டியாக்கிக்கொண்டு எத்தனை ஆஸ்பத்திரியில் வேலை செய்ய முடியும்? முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துவந்த மாகில், ரோபாதம் என்ற இருவர், மூச்சுக் குழாய்க்குள்ளேயே ரப்பர்க் குழாயைச் செலுத்தும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே அழுத்தத்தைக் குறைப்பதற்குப் பதில் உள்ளே காற்றை ஊதிவிட்டால் போதும். பெட்டி காட்சிச்சாலைக்குப் போயிற்று.

1949ல் அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்தில் கிளாசன், ஆன்லியன், கர்ட்டிஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுரையீரல் முழுவதும் பரவியிருக்கும் வியாதிகளில், சிறிய கீறலாக மார்பைத் திறந்து, ஒரு துண்டை வெட்டி எடுத்து, மூடிவிடலாம் என்று செய்து காட்டியிருந்தார்கள். கட்டியை வெட்டி எறிவதற்கு மார்பைத் திறந்தவர்கள் உண்டு. வியாதி இன்னதென்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் திறப்பது வேறு. நோயாளிக்கு அதனால் நேராக லாபம் ஒன்றுமில்லை, தழும்புதான் மிச்சம். அறிவதற்காக ஒருவனைக் கத்திக்கு உட்படுத்தலாமா என்ற கேள்வி அன்றைக்கு எழுந்தது. நானும் அத்தையின் காகிதத்தை வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் லாபம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களின் நுரையீரல் முதல் முறையாக மைக்ராஸ்கோப்புக்கு வந்தது. அதைப் பார்த்தவர்களில் ஏவரில் லீபோ என்பவரை மறக்க முடியவில்லை. யேல் சர்வகலாசாலையில் நோய்க்குறியியல் பேராசிரியர். 1945ல் அமெரிக்க ராணுவ வைத்தியராக ஹிரோஷிமாவுக்குப் போய், அணுகுண்டு மனித உடம்பை என்ன செய்தது என்று ஆராய்ந்த குழுவில் இருந்தவர். அங்கே எழுதிய தினக்குறிப்பைப் பின்னால் வெளியிட்டார். அப்படிப்பட்ட அழிவைப் பார்த்த கண், பிற்காலமெல்லாம் கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மயிரிழைச் சதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரும் சார்ல்ஸ் காரிங்டனும் 1969ல், எல்லாம் ஒரே ஹாமன்–ரிச் அல்ல, ஐந்து தினுசு இருக்கிறது என்று பிரித்தார்கள். லண்டனில் ஸ்கேடிங் என்ற வைத்தியர் (1943 கடைசியில் சர்ச்சில் கார்த்தேஜில் நிமோனியாவோடு படுத்திருந்தபோது கெய்ரோவிலிருந்து அழைத்துவரப்பட்டவர் இவர்) ஹின்சன் என்ற நிபுணரோடு சேர்ந்து 1967ல் இன்னொன்றைக் காட்டினார். துண்டில் உயிரணுக்கள் மிகுந்து, நார் குறைந்திருந்தால் அந்த நோயாளி மாத்திரைக்கு இணங்கி அதிக நாள் இருக்கிறான். நார் மிகுந்திருந்தால் இல்லை. அதாவது, துண்டு வருங்காலமும் சொல்லிற்று. அதன் பிறகு கத்தியை எதிர்க்கிறவர்களின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

இதற்கிடையில் வேறு சிலர் கத்தியே வேண்டாம், வாய் வழியாகப் போகலாம் என்று முயன்றுகொண்டிருந்தார்கள். இந்தக் கிளைக்கதை ஓர் எலும்பில் ஆரம்பிக்கிறது. 1897ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஒரு விவசாயி பன்றி எலும்பை விழுங்கி, அது தவறிப்போய் வலப்பக்க மூச்சுக் குழாயில் இறங்கிவிட்டது. குஸ்டாவ் கில்லியன் என்ற தொண்டை வைத்தியர், அவன் தொண்டையைக் கொகேய்ன் தடவி மரக்கச் செய்து, நேரான இரும்புக் குழாயை உள்ளே விட்டு, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து எலும்பை வெளியே எடுத்துவிட்டார். அதுவரை மூச்சுக் குழாய் அத்தனை தூரம் வளைந்து கொடுக்கும் என்று யாரும் நம்பவில்லை.

அமெரிக்காவில் செவாலியர் ஜாக்ஸன் இந்த வித்தையைக் கரை கண்டார். குழந்தைகள் விழுங்கியவை, பெரியவர்கள் விழுங்கியவை என்று ஊக்கு, பொத்தான், காசு, பொம்மைத் துண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்களை எடுத்து, ஒவ்வொன்றையும் குறிப்பெழுதிச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரம் ஃபிலடெல்ஃபியாவில் மூட்டர் காட்சிச்சாலையில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கிறது. விழுங்கினவர்களின் வாரிசுகள் யாரும் சொத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

எலும்பை எடுக்கிற வழியில் சதையையும் எடுக்கலாமே? மேயோ கிளினிக்கில் ஹோவர்டு ஆண்டர்சனும் அவர் சகாக்களும் 1965ல் அதைச் செய்தார்கள். நேர்க் குழாய் வழியாக, நீண்டு வளையும் மெல்லிய சாமணம் ஒன்றை விட்டு, கண்ணுக்குத் தெரிகிற எல்லையைத் தாண்டிச் செலுத்தி, நுனியால் குமிழிச் சுவரைக் கடித்து இழுப்பது. மூச்சை இழுக்கும்போது சாமணத்தின் வாயைத் திறக்க வேண்டும். விடும்போது மூட வேண்டும். மூடினதும் நோயாளியை "வலிக்கிறதா?" என்று கேட்க வேண்டும். நுரையீரலுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்குத்தான் தெரியும். வலிக்கிறது என்றால் சவ்வைக் கடித்துவிட்டோம் என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும்.

இரும்புக் குழாயை விழுங்குவது சித்திரவதைதான். அதை மாற்றியவர் ஜப்பானியர். கதையின் நடுவில் நம் தேசத்தவர் ஒருவரும் வருகிறார். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மயிரிழைபோன்ற கண்ணாடி நார்களைக் கட்டாகக் கட்டினால், கட்டு வளைந்தாலும் பிம்பம் வளைவோடு போய்ச் சேரும் என்று 1954ல் காட்டினார். இந்த நார்க்கட்டைக் கொண்டு தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஷிகேதோ இகேடா வளையும் குழாய் ஒன்றைச் செய்வித்து, 1966ல் கோபன்ஹேகனில் நடந்த மகாநாட்டில் காட்டினார். அதன் பிறகு நோயாளி படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ, மூக்கு வழியாகவே குழாயை ஏற்றுக்கொள்ள முடிந்தது. இகேடா நினைத்தது புற்றுநோயை. ஆனால் 1970களில் அந்தக் குழாய் வழியாகவே குமிழிச் சுவரையும் கடித்து எடுக்கத் தொடங்கினார்கள்.

வெளியிலிருந்து ஊசியால் குத்தி எடுக்கும் முறையும் இருந்தது. லெய்டன் என்ற ஜெர்மன் வைத்தியர் 1883லேயே நிமோனியாவில் ஊசி குத்திப் பார்த்தவர். 1960களில் இங்கிலாந்தில் பல் வைத்தியருடையதைப் போன்ற சுழல் துரப்பணத்தால்கூட மார்பைத் துளைத்துத் துண்டு எடுத்தார்கள். காற்றுக் கசிவும் இரத்தப் பெருக்கும் உண்டு. இந்தப் பகுதியை அத்தைக்கு நான் சொல்லவில்லை.

குழாய் வழியில் ஒரு பெரிய குறை இருந்தது. சாமணம் கடித்தெடுக்கிற துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர், கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்கிறோம். சோறு ஒரே தண்ணீரில் ஒரே நெருப்பில் வெந்தது; ஆகையால் பழமொழி சரி. நுரையீரல் அப்படி வேகவில்லை. மேலே சொன்ன பொல்லாத வியாதியில், ஓரிடத்தில் சுவர் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து கிடக்கும். பக்கத்திலேயே பிறந்த குழந்தையுடையதைப் போல நல்ல சதை. இரண்டும் அடுத்தடுத்து இருப்பதுதான் அதன் அடையாளமே. கடுகளவுத் துண்டில் ஒன்று வரும், மற்றது வராது. குருடர்கள் யானை பார்த்த கதை. சார்காய்டு என்ற இன்னொரு வியாதிக்குக் கடுகு போதும்; இதற்குப் போதாது.

ஆகவே கத்தி மறுபடியும் வந்தது. பாஸ்டனில் கேன்ஸ்லரும் காரிங்டனும் 1980ல், மார்பைத் திறந்து துண்டு எடுத்த 502 பேரின் விவரத்தைச் சேர்த்து வெளியிட்டார்கள். எங்கே வெட்டுவது என்பதிலும் வாதம் நடந்தது. இடது நுரையீரலின் நாக்குப் போன்ற நுனி கைக்கு எட்டுகிற இடம், வெட்டுவது சுலபம். ஆனால் அங்கே எல்லோருக்குமே பழைய தழும்பு கொஞ்சம் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார்கள். ஒரே ஆளின் இரண்டு மடல்களில் இரண்டு வகைச் சித்திரம் தெரிவதும் உண்டு என்று பின்னால் கண்டார்கள்.

ஸ்டாக்ஹோமில் யாகோபேயஸ் என்பவர் 1910ல் மூத்திரப்பை பார்க்கும் குழாயை மார்புத் துவாரத்தில் நுழைத்து உள்ளே எட்டிப் பார்த்திருந்தார். எண்பது வருஷம் கழித்து, 1990களின் தொடக்கத்தில், அதன் நுனியில் வீடியோ காமிரா வந்து சேர்ந்தது. விலா எலும்புகளை அகட்டாமல், இரண்டு மூன்று சின்னத் துவாரத்தால் துண்டை எடுக்க முடிந்தது. துண்டுகள் பெருகின, பெயர்களும் பெருகின. 1994ல் காட்சன்ஸ்டைன் என்ற அம்மையார், ஃபியோரெல்லி என்பவரோடு சேர்ந்து, 64 நோயாளிகளின் துண்டுகளைப் பார்த்து, லீபோவின் ஐந்திலும் சேராத ஒன்று இருக்கிறது, அந்த நோயாளிகள் எவ்வளவோ நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று எழுதினார். பெயர் மாறியதால் எத்தனை பேருடைய தலையெழுத்து மாறியது!

இந்தச் சமயத்தில் கத்திக்கு எதிரி எதிர்பாராத திக்கிலிருந்து வந்தான். 1971ல் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் லண்டனில் ஒரு நோயாளியின் மண்டையைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தது. அதே இயந்திரம் 1980களில் நுரையீரலை மில்லிமீட்டர் கனத் தகடுகளாகக் காட்ட ஆரம்பித்தது. பழைய எக்ஸ்ரேயை நம்ப முடியாது. வெட்டிப் பார்த்து வியாதி உறுதியான 458 பேரில் 44 பேருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்று 1978லேயே கணக்குச் சொல்லியிருந்தார்கள். இந்தப் புதுப்படத்திலோ, மைக்ராஸ்கோப்பில் பார்த்த தேன்கூடு மேஜை மேலேயே தெரிந்தது. முப்பது வருஷம் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற பாடத்தால்தான் படத்தைப் படிக்க முடிந்தது. படிக்கத் தெரிந்த பிறகு துண்டு அநாவசியமாயிற்று.

கத்தியின் விலையையும் கணக்குப் போட்டார்கள். 2000லிருந்து 2011 வரை அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் இதற்காக அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி 2016ல் ஓர் ஆய்வு வந்தது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 1.7 பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்திருந்தார்கள். மூச்சு முட்டி வந்து படுத்த நிலையில் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 16 பேர். 2018ல் அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய, லத்தீன் அமெரிக்கச் சங்கங்கள் கூடி, படமே தெளிவாகச் சொல்லுமானால் அறுக்காதீர்கள் என்று விதி எழுதின.

படம் தெளிவாகச் சொல்லாதபோது? அதற்குத்தான் கடைசி வித்தை, பனிக்கட்டி வித்தை. 2009ல் ஜெர்மனியிலிருந்து முதலில் விவரமாக வந்தது. வளையும் குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, வாயுவால் அதன் நுனியைச் சில விநாடி உறைய வைத்தால், நுனியைச் சுற்றிய சதை ஒட்டிக்கொண்டுவிடும். குச்சி ஐஸை அவசரமாக நாக்கில் வைத்தவர்களுக்குத் தெரியும். அப்படியே குழாயோடு வெளியே இழுத்தால் கடுகுக்குப் பதில் கடலைப்பருப்பு அளவுக்குத் துண்டு வரும், நசுங்காமல். இரத்தம் கசியக்கூடும், அதனால் அடைப்பதற்குச் சின்னப் பலூன் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 65 பேரிடம் ஒரே சமயத்தில் இரண்டு முறையிலும் துண்டு எடுத்து, எது எதனுடையது என்று தெரியாமல் நிபுணர்களிடம் கொடுத்தார்கள். பத்தில் ஏழு தடவை இரண்டும் ஒத்துப்போயின என்று 2020ல் முடிவு வந்தது. 2022ல், கை தேர்ந்தவர்கள் இருக்கிற இடத்தில் கத்திக்குப் பதில் இதைச் செய்யலாம் என்று சங்கங்கள் அனுமதித்தன.

இத்தனை சிரமப்பட்டுப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று நானும் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் 2012ல் வந்த ஓர் ஆராய்ச்சியில் இருக்கிறது. காரணம் தெரியாத அந்தப் பொல்லாத வியாதிக்கு, ஸ்டீராய்டையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது பல வருஷப் பழக்கம். அதையும் வெறும் மாவு மாத்திரையையும் இரண்டு கூட்டத்தாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்ட 77 பேரில் 8 பேர் இறந்தார்கள். மாவு சாப்பிட்ட 78 பேரில் ஒருவர். பாதியிலேயே மருந்தை நிறுத்திவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு கொடுத்த மாத்திரை! 2014ல்தான் அந்த வியாதியின் வேகத்தைக் குறைக்கிற இரண்டு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. குறைக்கின்றன, குணமாக்குவதில்லை. ஆனால் அண்டை வீட்டு வியாதி ஒன்றுக்கு அதே ஸ்டீராய்டு தேவாமிர்தம். அத்தைக்கு எது?

பதினோராம் நாள் இரவு நம் நாட்டுக் கணக்கு ஒன்று அகப்பட்டது. 19 நகரங்களில் 1,084 நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்து 2017ல் வெளியிட்டது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, நூற்றுக்கு 47.3 பேருக்கு, சுவாசத்தில் கலந்த ஏதோ ஒன்று ஒவ்வாமல் வந்த வியாதி. ஏர்கூலரில் தேங்கிய தண்ணீர்ப் பூஞ்சை, பறவைகள் என்று காரணங்கள். மேல்நாட்டுப் புஸ்தகங்களில் இது இத்தனை பெரிய பங்கு இல்லை. படித்துக்கொண்டே வந்தவன் புஸ்தகத்தை மூடினேன். அத்தை வீட்டுப் பின்கட்டு ஞாபகம் வந்தது.

மாமா போன பிறகு அங்கே புறாக்கள் வந்து அடைந்தன. முதலில் இரண்டு, அப்புறம் இருபது. காலையும் சாயங்காலமும் அத்தை கம்பும் உடைத்த கோதுமையும் இறைப்பாள். உத்தரக் கட்டையெல்லாம் எச்சம். தினமும் விளக்குமாற்றால் கூட்டிப் பெருக்குவதும் அவள்தான். "வீட்டிலே பேச்சுக் குரல் வேணும்டா" என்று ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

முதல் நாளே டாக்டர், "வீட்டிலே பிராணி, பறவை ஏதாவது?" என்று கேட்டிருந்தாள். அத்தை இல்லை என்றாள். அவள் வளர்க்கவில்லையே, அவை தாமாக வந்தவை. பொய் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான் போய்ச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். குழாயை விட்டு நுரையீரலில் கொஞ்சம் உப்பு நீரை ஊற்றித் திரும்ப உறிஞ்சிப் பார்த்தார்கள். அதில் ஒரு ஜாதி வெள்ளணு மிதமிஞ்சி இருந்தது. படம் பார்க்கிறவர், துண்டு பார்க்கிறவர், நோயாளி பார்க்கிறவள் மூன்று பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். படத்தில் மங்கலும் தெளிவுமாகத் திட்டுத் திட்டாக இருப்பதும், கழுவிய நீரும், இருபது புறாவும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், உறைய வைக்கவும் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு. புறா கூடவே கூடாது. விழுந்த தழும்பு விழுந்ததுதான், மேற்கொண்டு விழாமல் பார்க்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னாள்.

புறாவைச் சொன்னதும் அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சாயங்காலம் வந்து தேடுமேடா" என்றாள்.

பின்கட்டுக்கு வலை அடித்து, எச்சத்தையெல்லாம் ஆள் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. அத்தை எங்கள் வீட்டில் எட்டு மாதமாக இருக்கிறாள். இருமல் பெரும்பாலும் நின்றுவிட்டது. படி ஏறினால் இன்னும் இளைக்கிறது. ஆனால் நாலாம் படியில் உட்காருவதில்லை, எட்டாம் படியில் கொஞ்சம் நின்று ஏறுகிறாள். இந்தச் சித்திரையில் வடாம் போடுவதாக இருக்கிறாள். என் மனைவி பிழிய வேண்டும், இவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் போதாது என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

கையெழுத்துப் போடாத அந்தச் சம்மதப் பத்திரத்தை நேற்று தேடினேன். சமையலறை அலமாரியில் இருந்தது. பின்பக்கத்தில் அத்தை பால் கணக்கு எழுதியிருந்தாள்.